முறை வைத்து வாழும் நிலம்

மணாலியிலிருந்து லேவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் பாங் என்ற இடத்தைத் தாண்டி ஏறினால் மோரே சமவெளி விரிகிறது. உயரம் ஏறத்தாழ 4,700 மீட்டர். மலையைச் சுற்றிச் சுற்றி வந்த சாலை இங்கே சுமார் 40 கிலோமீட்டருக்குப் பெரிய வளைவு எதுவும் இல்லாமல் ஓடுகிறது. இருபுறமும் பழுப்பும் ஊதாவுமாக மலைகள், நடுவில் கூழாங்கல்லும் மெலிந்த புல்லும், எங்கும் மரமில்லை. வண்டிகளில் வருவோர் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். மனிதர் காலடி படாத பூமி என்று வியக்கிறார்கள். இருட்டுவதற்குள் தாங்லாங் லா கணவாயைக் கடந்துவிட வேண்டும் என்று உடனே புறப்பட்டும் விடுகிறார்கள்.

அந்தச் சமவெளி சாங்பா இடையர்களின் மேய்ச்சல் நிலம். எந்த மந்தை எந்தப் பருவத்தில் எந்தப் பள்ளத்தாக்கில் இருக்க வேண்டும், எந்தப் புல்லைக் குளிர்காலத்துக்கென்று தொடாமல் விட்டுவைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அவர்களிடம் வழிவழியாக வந்த ஏற்பாடு இருக்கிறது. பயணி வெறுமை என்று காண்பது பல சமயம் அடுத்த பருவத்துக்காக ஒதுக்கிவைத்த புல்.

லடாக் பயணக் குறிப்புகளில் மலையும் ஏரியும் வானமும் நிறைந்திருக்கின்றன. மனிதர்கள் சிரித்த முகங்களாக வந்துபோகிறார்கள். அந்த முகங்களுக்குப் பின்னால் கறாரான ஓர் ஒழுங்கு இருக்கிறது. தண்ணீர், மேய்ச்சல், உழைப்பு, அண்மைக்காலமாக விருந்தினர் ஆகிய நான்கையும் லடாக்கின் ஊர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த முறைதான் அந்தப் பாலைவனத்தில் மனித வாழ்வைத் தாங்கி நிற்கிறது என்பதும், பயணியும் அரசும் அதை அறியாமல் அங்கே நுழையும்போது சேதம் விளைகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மழை எட்டாத மேட்டுநிலம்

தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் ஈரத்தை இமயத்தின் தென்சரிவுகள் பிழிந்துவிடுகின்றன. மலையைத் தாண்டி லடாக்குக்கு வந்து சேர்வது உலர்ந்த காற்று. லே நகரில் ஓராண்டில் மழையும் பனியுமாகச் சேர்ந்து பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான். தார் பாலைவனத்தின் ஜெய்சல்மருக்குக்கூட இதைவிட அதிகம் கிடைக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூட இறங்குகிறது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு. விமானத்தில் வந்திறங்குபவர்கள் முதல் இரண்டு நாள் எங்கும் ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அதைக் கேளாமல் மறுநாளே 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் லாவுக்குப் போகிறவர்களில் சிலருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகிறது.

2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் மக்கள்தொகை 2,74,289. பரப்பு சுமார் 59,000 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர்கூட இல்லை. இந்தச் சராசரி ஆளற்ற நிலம் என்ற எண்ணத்தை இன்னும் உறுதிப்படுத்தும். ஆனால் மக்கள் சராசரியாகப் பரவி வாழவில்லை. மலையுச்சிப் பனி உருகி ஓடை எங்கே இறங்குகிறதோ, அந்த ஓடை வண்டலைக் கொண்டுவந்து எங்கே விசிறிபோல் பரப்புகிறதோ, அங்கே மட்டும் ஊர் இருக்கிறது. பார்லி, கோதுமை, பட்டாணி, கடுகு வயல்கள், வாய்க்காலோரம் வில்லோவும் பாப்லரும், உயரம் குறைந்த ஊர்களில் ஆப்ரிகாட் மரங்கள் என்று ஒரு பச்சைத் துண்டு தெரியும். அதன் விளிம்புக்கு ஓரடி வெளியே மணலும் கல்லும். அந்த விளிம்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முடிவு செய்வது ஓடையில் வரும் நீர்.

வாய்க்காலைக் காப்பவர்

லடாக்கின் பாசனத்தில் தண்ணீரின் அளவைவிடக் காலம்தான் பெரிய சிக்கல். ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பு. அப்போது தண்ணீர் வேண்டும். ஆனால் உயரத்திலுள்ள பனிப்பாறைகள் நன்றாக உருகத் தொடங்குவது ஜூனில்தான். விதைப்பைத் தள்ளிப்போட்டால், செப்டம்பரில் குளிர் திரும்புவதற்குள் கதிர் முற்றாது. ஓடையில் நூல்போல் வரும் வசந்தகாலத் தண்ணீரை எல்லா வயல்களும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. சண்டை மூள்வதற்கு இதைவிட வாய்ப்பான நேரம் வேறில்லை.

அந்த நேரத்தில் ஊருக்குப் பொறுப்பேற்பவர் சூர்போன். தண்ணீரை நிர்வகிக்க ஊர் நியமிக்கும் ஆள் அவர். பல ஊர்களில் இந்தப் பொறுப்பு ஆண்டுக்கு ஒரு வீடாகச் சுற்றிவருகிறது. ஓடையிலிருந்து பிரியும் தலைவாய்க்காலுக்கு மாயூர் என்று பெயர். அதிலிருந்து யூரா எனப்படும் கிளைவாய்க்கால்கள் பிரிகின்றன. இரவில் வரும் நீரைத் தேக்கிவைக்க சிங் என்ற சிறு குளங்கள் உண்டு. சூர்போன் மண்வெட்டியோடு இவற்றின் கரையில் நடந்து, கல்லையும் புல்பத்தையையும் வைத்து ஒரு மடையை அடைக்கிறார், இன்னொன்றைத் திறக்கிறார். யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று சொல்வது அவர் வேலை. இதற்கு வீட்டுக்கு இவ்வளவு தானியம் என்று கொடுப்பது பழைய வழக்கம். மேலூர் எப்போது மடையை மூடிக் கீழூருக்கு நீர் விட வேண்டும் என்பது வரை வழக்கம் வரையறுத்திருக்கிறது.

தமிழ்நாட்டின் ஏரிப்பாசன ஊர்களை அறிந்தவர்களுக்கு நீர்க்கட்டி நினைவுக்கு வருவார். பற்றாக்குறைக் காலத்தில் நிலத்துக்காரர்களின் கையிலிருந்து மடையை வாங்கி ஒரு பொது ஆளிடம் கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு இரண்டு நிலங்களும் வந்திருக்கின்றன. வேறுபாடும் கவனிக்கத் தக்கது. நம் ஊர்களில் நீர்க்கட்டி வேலை பெரும்பாலும் குறிப்பிட்ட குடும்பங்களின் பரம்பரைக் கடமையாக, அதுவும் பல இடங்களில் தலித் குடும்பங்களின் மீது சுமத்தப்பட்டதாக இருந்தது. முறை சுற்றிவரும் லடாக் ஊரில், இந்த ஆண்டு தண்ணீர் பங்கிடும் வீடு அடுத்த ஆண்டு இன்னொருவர் பங்கிடும் தண்ணீருக்குக் காத்திருக்கும். ஓரவஞ்சனை செய்பவர் மறு ஆண்டே அதன் பலனை அனுபவிக்க நேரும். நேர்மைக்கு இதைவிட உறுதியான பிணை இருக்க முடியாது.

இதை முழுமையான சமத்துவம் என்று எழுதிவிடவும் கூடாது. லடாக்கிலும் கொல்லர்களான கரா, இசைக்கலைஞர்களான மோன், பேதா போன்ற குழுக்கள் தாழ்வாக நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. தண்ணீர் முறை நிலமுள்ள வீட்டுக்கு உரியது. நிலமில்லாத பேதாவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. முறைக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அது நியாயமானது; வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கணக்கு வேறு.

வீடு என்னும் அலகு

முறை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஊரின் ஆடுமாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச்செல்வதிலும் இதே ஏற்பாடு. ராரெஸ் என்ற வழக்கப்படி இன்று இரண்டு வீட்டார் ஊரின் ஆடுகள் அனைத்தையும் மலைக்குக் கொண்டுபோவார்கள். நாளை வேறு இரு வீட்டார். மற்றவர்கள் வயலைக் கவனிக்கலாம். உழவிலும் அறுவடையிலும் ஒருவருக்கொருவர் கைமாற்று உழைப்பு கொடுப்பது பெஸ். ஒரே குலதெய்வத்தை வணங்கும் சில வீடுகள் சேர்ந்தது பஸ்புன். பிறப்பிலும் மணத்திலும் சாவிலும் பஸ்புன் வீடுகள் பொறுப்பெடுத்துக்கொள்ளும். வீட்டில் சாவு விழுந்தால், பிணத்தைத் தகனத்துக்குத் தயாராக்குவது முதல் சமையல் வரை அவர்களே பார்க்கிறார்கள்.

வீடுகளின் எண்ணிக்கை பெருகினால் தண்ணீர் முறை நீளும். நீண்டால் பயிர் காயும். இதனால் நிலத்தைப் பிரிக்காமல் மூத்தவருக்கே கொடுப்பதும், சகோதரர்கள் ஒரே பெண்ணை மணப்பதும், பிள்ளைகளில் ஒருவரை மடாலயத்துக்கு அனுப்புவதும் பௌத்தக் குடும்பங்களில் வழக்கமாக இருந்தன. பிள்ளைக்கு மணமானதும் பெற்றோர் பெரிய வீட்டை ஒப்படைத்துவிட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்வார்கள். 1941-இல் ஜம்மு காஷ்மீர் அரசு பல கணவர் மணத்தைச் சட்டத்தால் தடை செய்தது. அதன் பின்னர் நிலம் பிரிந்தது, வீடுகள் பெருகின. பழைய ஏற்பாடு பெண்களுக்கும் இளைய பிள்ளைகளுக்கும் விதித்த கட்டுப்பாடுகள் கடுமையானவை. அது திரும்பி வர வேண்டியதில்லை. ஆனாலும் ஓடையின் அளவுக்கு ஊரின் அளவைப் பொருத்திவைத்த ஒரு கணக்கு அதற்குள் இருந்தது என்பதை இன்றைய திட்டமிடுவோர் உணர வேண்டும்.

செயற்கைப் பனிப்பாறை

விதைப்புக்கும் உருகலுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியை ஓர் உள்ளூர்ப் பொறியாளர் குறுக்க முயன்றார். அரசுப் பணியில் இருந்த செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் யாருக்கும் பயன்படாமல் ஓடிப்போகும் நீர் நிழலான இடங்களில் உறைந்து நிற்பதைக் கவனித்தார். ஓடை நீரை மலையின் நிழல் சரிவுக்குத் திருப்பி, படிப்படியாகக் கட்டிய சிறு கல்லணைகளில் வேகம் குறைத்து உறையவைத்தால், ஊருக்கு அருகிலேயே பனி சேமிக்கலாம். உயரம் குறைந்த இடத்திலுள்ள பனி முதலில் உருகும். மேலே உள்ளது பிறகு உருகும். உச்சியிலுள்ள இயற்கைப் பனிப்பாறை கடைசியாக. விதைப்புக் காலத்துக்குத் தண்ணீர் கிடைத்துவிடும். 1987-இல் புக்சே கிராமத்தில் அவர் தொடங்கிய இந்த வேலை பல ஊர்களுக்குப் பரவியது. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இதே எண்ணத்தை லடாக்கின் இன்னொரு பொறியாளரான சோனம் வாங்சுக் வேறு வடிவத்துக்குக் கொண்டுபோனார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலே பீறிட்டு, குளிர்ந்த காற்றில் சிதறிக் கூம்பாக உறையும். மோட்டாரும் மின்சாரமும் வேண்டாம். கூம்பு வடிவத்தில் பனியின் கன அளவோடு ஒப்பிட்டால் வெயில் படும் பரப்பு குறைவு. எனவே சமதளப் பனியைவிட நீண்ட நாள் தாங்கும். 2013-14 குளிர்காலத்தில் முதல் மாதிரி எழுந்தது. அடுத்த ஆண்டுகளில் பியாங் கிராமத்தில் பெரிய அளவில் செய்யப்பட்ட, பனி ஸ்தூபிகள் எனப்படும் இந்தக் கூம்புகள் உலகின் கவனத்தைப் பெற்றன.

பத்திரிகைகள் இவற்றைத் தனிமனிதர்களின் கண்டுபிடிப்பாகக் கொண்டாடின. அந்தப் பாராட்டு அவர்களுக்குத் தகும். ஆனால் நடுக்குளிர்கால இரவில் குழாய் உறைந்து அடைத்துக்கொண்டால் யாராவது எழுந்துபோய்ச் சரிசெய்ய வேண்டும். கல்லணை சரிந்தால் ஊரார் கூடிக் கட்ட வேண்டும். மேலூர் உறையவைக்கும் நீரில் கீழூருக்குப் பங்கு உண்டா என்று பேசித் தீர்க்க வேண்டும். முறை உயிரோடு இருக்கும் ஊரில் பனிப்பாறையும் நிலைக்கும். ஆட்கள் லேவுக்கு வேலை தேடிப் போய்விட்ட ஊரில் எவ்வளவு நல்ல வடிவமைப்பும் ஓரிரு பருவத்தில் பாழாகிவிடும்.

எல்லா இடத்திலும் இந்த வழி கைகொடுப்பதும் இல்லை. சன்ஸ்கார் பள்ளத்தாக்கிலுள்ள குமிக் கிராமத்துக்குத் தண்ணீர் தந்த மலைப்பனி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 2000-ஐ ஒட்டி ஊர் கூடிப் பேசி, கீழேயுள்ள வறண்ட மார்தாங் மேட்டுக்குக் குடிபெயர்வது என்று முடிவெடுத்தது. ஆற்றிலிருந்து புதிய வாய்க்காலைத் தாங்களே வெட்டத் தொடங்கினார்கள். ஊரைக் காலி செய்யும் முடிவைக்கூட அவர்கள் கூடித்தான் எடுத்தார்கள். புவி சூடேறுவதற்கு ஏறக்குறைய எந்தக் காரணமும் ஆகாத மக்கள் அதன் விலையை முதல் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள்.

சாங்தாங்கின் இடையர்கள்

வயல் ஊர்களுக்குக் கிழக்கே, 4,500 மீட்டரை ஒட்டி விளைச்சல் நின்றுபோகும் இடத்தில் சாங்தாங் தொடங்குகிறது. ருப்சு, கர்னாக், கோர்சோக் பகுதிகளில் வாழும் சாங்பாக்கள் யாக், செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றோடு ஆண்டுக்குப் பல முறை இடம் பெயர்கிறார்கள். யாக் முடியில் நெய்த ரேபோ என்ற கறுப்புக் கூடாரம் அவர்களுடைய பழைய வீடு. எப்போது பெயர்வது, எங்கே அடிப்பது என்பதைக் குடும்பங்களோடு கலந்து கோபா என்ற தலைவர் முடிவு செய்கிறார். பால் கறக்கும் வேளையில் ஆடுகளைத் தலையோடு தலை எதிரெதிரே இரண்டு வரிசையாகக் கட்டிவிட்டுப் பெண்கள் கறந்துகொண்டே போவதைப் பயணிகள் வியந்து படமெடுக்கிறார்கள். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர், வறுத்த பார்லி மாவு, உலர்ந்த பாலாடைக்கட்டி என்று வந்தவருக்கு முன்னால் வைக்கிறார்கள். கோப்பையில் ஒரு வாய் குறைந்தாலும் மறுபடி நிரப்புவது அங்கே மரியாதை.

சாங்பாக்களின் வெள்ளாட்டின் அடிவயிற்றிலும் பக்கங்களிலும் குளிருக்கென்று வளரும் உள்மயிர்தான் பஷ்மினா. மனிதத் தலைமயிரின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லத்தக்க, 12 முதல் 15 மைக்ரான் மென்மை கொண்டது. வசந்தம் முடியும் காலத்தில் அதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். காஷ்மீர் சால்வையின் புகழ் இந்தக் குளிரில் பிறந்தது. 1684-இல் ஏற்பட்ட திங்மோஸ்காங் உடன்படிக்கை பஷ்மினா வணிகத்தைக் காஷ்மீருக்கென்று ஒதுக்கியது. 1834-இல் ஜம்முவின் டோக்ரா தளபதி சோராவர் சிங் லடாக் மீது படையெடுத்ததற்கு இந்த வணிகமும் ஒரு காரணம். இவ்வளவு வரலாற்றையும் சுமந்த மயிருக்கான பணத்தில் பெரும்பகுதி நெய்பவருக்கும் விற்பவருக்கும் இடையிலேயே பிரிந்துவிடுகிறது. மேய்ப்பவருக்கு வந்து சேர்வது சிறு பங்கு.

1962 போருக்குப் பின் திபெத்துடனான எல்லை மூடப்பட்டது. தலைமுறைகளாகக் குளிர்காலத்தைக் கழித்த புல்வெளிகளில் ஒரு பகுதி கைவிட்டுப் போனது. அகதிகளாக வந்த திபெத்திய இடையர்களும் எஞ்சிய புல்லைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 2020-க்குப் பிறகு எல்லையோரத்தில் உருவான படைவிலக்கப் பகுதிகள் இன்னும் சில மேய்ச்சல் நிலங்களை விழுங்கின. பிள்ளைகளின் படிப்பும் முதியோரின் மருத்துவமும் லேயை நோக்கி இழுத்தன. கர்னாக் இடையர்கள் பலர் லேவுக்கு அருகே குடியேறி, அந்தக் குடியிருப்புக்குக் கர்னாக்லிங் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். குடும்பங்கள் குறைந்த குழுவில் மீதமிருப்பவர்களுக்கு மேய்க்கும் முறை அடிக்கடி வருகிறது. இடையர் வாழ்வு ஒரு கட்டத்துக்கு மேல் சட்டென்று சரிவதற்கு இதுவே காரணம்.

இந்த நிலையில்தான் பாங் பகுதியில் 13 ஜிகாவாட் சூரிய, காற்று மின்திட்டம் வருகிறது. அதன் மின்கடத்தித் தடத்துக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நிலக்கரிக்கு மாற்று தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் திட்டத்தின் வரைபடத்தில் தரிசாகத் தெரியும் நிலம் கோபாவின் மனவரைபடத்தில் புல்வெளி. சாலையில் நின்று படமெடுக்கும் பயணியின் கண்ணும் திட்டக்குழுவின் கண்ணும் இங்கே ஒரே தவறைச் செய்கின்றன.

வழிகாட்டியின் கண்ணில் பயணி

லடாக்குக்கு வெளியாள் புதியவரல்ல. யார்க்கந்திலிருந்து காரகோரம் கணவாய் வழியாகவும், லாசாவிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வணிகக் கூட்டங்கள் வந்து கூடிய சந்தை லே. 1820-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்க்ராஃப்ட் அங்கே வந்து சேர்ந்தார். 1822-இல் ஹங்கேரியரான சோமா தெ கோரோஷ் நடந்தே வந்தார். மூர்க்ராஃப்டின் தூண்டுதலால் சோமா திபெத்திய மொழியைக் கற்க முடிவு செய்து, 1823-இல் சன்ஸ்காரின் சாங்லாவில் சாங்யே புன்ட்சோக் என்ற லாமாவிடம் மாணவராகச் சேர்ந்தார். கணப்பு இல்லாத சிற்றறையில், ஆட்டுத்தோலைப் போர்த்தியபடி, கையை வெளியே எடுத்துப் பக்கம் திருப்பவும் தயங்கும் குளிரில் இருவரும் படித்தார்கள். 1834-இல் கல்கத்தாவில் வெளியான திபெத்திய - ஆங்கில அகராதியின் வேர் அந்த அறையில் இருக்கிறது. நூலின் முகப்பில் சோமாவின் பெயர் நின்றது. சொற்களைத் தந்த லாமாவின் பெயர் ஆய்வாளர்களுக்கு மட்டும் தெரிந்ததாக ஒதுங்கிப்போனது.

பயணிகள் எழுதிய நூல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பயணிகளைப் பற்றி லடாக்கியர் எழுதியது அரிது. அந்த அரியவற்றில் ஒன்று குலாம் ரசூல் கல்வானின் தன்வரலாறான 'சர்வன்ட் ஆஃப் சாஹிப்ஸ்', 1923-இல் வெளிவந்தது. லேயின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கல்வான், சிறு வயதிலேயே ஐரோப்பியப் பயணிகளின் குதிரைக் கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, கூட்டத்தையே நடத்தும் தலைவராக உயர்ந்தவர். பிரித்தானியப் பயணி யங்ஹஸ்பெண்ட் முதலியோருக்கு வழிகாட்டியவர். வேலையினூடே கற்ற ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூலில் சாகசத்தைவிடக் கூலி, குதிரைத் தீவனம், உடன் வந்தவர்களின் நோய், எசமானரின் கோபம், நியாயமாக நடந்துகொண்டவர் யார் என்பவையே முக்கியம். ஒரு பயணம் நடப்பதற்கு எத்தனை பேரின் உடல் உழைக்கிறது என்பதை அறிய விரும்புவோர் படிக்க வேண்டிய நூல் அது. கல்வான் ஆறு அவர் பெயரைத் தாங்கியது. 2020 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் உயிரிழந்த 20 இந்திய வீரர்களில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அந்தப் பெயர் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் துயரச் செய்தியாக வந்து சேர்ந்தது.

ஒரு பயணத்துக்குப் பின்னால் பலரின் உழைப்பு இருக்கிறது என்பது இன்றைய சாகசங்களுக்கும் பொருந்தும். உயர்கணவாய்ச் சாலைகளில் பயணிகள் வண்டி ஓட்டிப் பெருமைப்படுகிறார்கள். அந்தச் சாலைகளில் கல் உடைத்து, பனி வாரி, தார் காய்ச்சிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் ஜார்க்கண்டின் தும்கா போன்ற மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களும் அந்நிலத்தில் நாம் சந்திக்கும் மனிதர்கள்தாம்.

விருந்தினருக்கும் முறை

1974-இல் லடாக் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்டது. 2022-இல் வந்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். உள்ளூர் மக்கள்தொகையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவர்களில் பெரும்பகுதியினர் கோடையின் சில மாதங்களில், லேயிலும் பாங்காங் ஏரிக்கரையிலும் நுப்ராவிலும் குவிகிறார்கள். மண்ணும் சாம்பலும் தூவி, மக்கியதை வயலுக்கு எருவாக்கும் உலர் கழிப்பறையைக் கொண்ட லடாக் வீடு ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்குவதில்லை. விடுதிகளோ தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளைக் கட்டின. ஓடை போதாததால் ஆழ்துளைக் கிணறு தோண்டின. கழிவு அதே நிலத்தடியில் இறங்கியது. சூர்போனின் கண்காணிப்பு வாய்க்காலுக்கு உண்டு. ஆழ்துளைக் கிணற்றுக்கு இல்லை. யாருடைய முறையும் வராமல் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை, லே நகரத்தின் வரலாற்றில் முதன்முறையாக உருவானது.

பருவநிலை தடுமாறும்போது இந்தப் பெருக்கத்தின் ஆபத்து கூர்மையாகிறது. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் லேயைச் சுற்றி மேகவெடிப்பு நிகழ்ந்தது. பெருமழையை அறியாத மண்வீடுகள் கரைந்தன. சேறும் பாறையும் சோக்லம்சர் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பழைய ஊர்கள் ஓடையின் வெள்ளப்பாதையை விட்டு ஒதுங்கி இருந்தன. நகரம் பெருத்தபோது கட்டப்பட்ட வீடுகள் பலவும் அந்தப் பாதையிலேயே இருந்தன.

வேறு வழியும் உண்டு என்பதை ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் போன்ற ஊர்கள் காட்டின. அங்கே பனிச்சிறுத்தை தொழுவத்தில் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுபோடும். ஆத்திரத்தில் ஊரார் சிறுத்தையைக் கொல்வதும் நடந்தது. மலையேற்ற வழிகாட்டியான ரின்சென் வாங்சுக் முன்னெடுத்த முயற்சியில், 2002 வாக்கில் வீட்டில் தங்கும் திட்டம் தொடங்கியது. வரும் பயணி தனக்குப் பிடித்த வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. வரிசையில் அடுத்து எந்த வீட்டின் முறையோ அங்கே போகிறார். வருமானத்தில் ஒரு பங்கு ஊர் நிதிக்கு. தொழுவங்களுக்குக் கம்பிவலை போடப்பட்டது. பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கு வந்தது. சிறுத்தையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றபோது சிறுத்தை மீதிருந்த கோபமும் தணிந்தது. இந்த ஏற்பாட்டை ஊரார் எளிதாகப் புரிந்துகொண்டதற்குக் காரணம், ஆடு மேய்க்கவும் தண்ணீர் பாய்ச்சவும் அவர்கள் தலைமுறைகளாக நடத்திவந்த முறையே அது என்பதுதான்.

சாங்தாங்கிலுள்ள ஹான்லேயில் வேறொரு வகை உடன்பாடு. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனம் 2000-இல் நிறுவிய இரண்டு மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. காவலூரிலும் கொடைக்கானலிலும் வானாய்வகங்களை நடத்துவதும் இதே நிறுவனம். வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் நினைவாக, ஹான்லேயில் உள்ளது சந்திரா தொலைநோக்கி எனப்படுகிறது. பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டேயிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக இயக்கப்படுகிறது. 2022-இல் ஹான்லே சுற்றுவட்டாரம் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெளிவிளக்குகளை மறைத்து, தெருவொளியைக் கீழ்நோக்கித் திருப்பியதில் கிராமத்தார் பங்கெடுத்தார்கள். அவர்களில் சிலருக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் வழங்கப்பட்டன. விண்மீன் பார்க்க வரும் பயணிக்கு இன்று வானத்தை விளக்குபவர் அந்த ஊர்ப் பெண்ணாக இருக்கக்கூடும். அறிவியலுக்கு வேண்டிய இருட்டைக் காத்துத் தருபவர்கள் அந்த அறிவியலில் பங்கும் பெறுகிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி

2019 அக்டோபர் 31 முதல் லடாக் சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பிரதேசம். லேயிலும் கார்கிலிலும் தன்னாட்சி மலை மன்றங்கள் இருந்தாலும், நிலம் பற்றிய பெரிய முடிவுகள் வெளியே எடுக்கப்படுகின்றன என்ற அச்சம் பௌத்தரும் முஸ்லிம்களுமான இரு மாவட்ட மக்களையும் ஒன்று சேர்த்தது. பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையின் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 2024 மார்ச்சில் சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தார். 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் போராட்டம் வன்முறையாகி நான்கு பேர் உயிரிழந்தார்கள். தண்ணீர் முறையை நடத்தத் தெரிந்த மக்கள், தங்கள் நிலத்தைப் பற்றிய முடிவிலும் தங்கள் முறை எப்போது வரும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது.

லடாக்குக்குப் போகிறவர்கள் செய்யக்கூடியது அதிகம். முதல் இரண்டு நாள் உடலுக்கு ஓய்வு கொடுப்பதோடு நகரத்தையும் அதன் மனிதரையும் அறிமுகம் செய்துகொள்ளலாம். முறை வைத்து விருந்தினரை ஏற்கும் ஊர்களில் தங்கலாம். உலர் கழிப்பறையைப் பயன்படுத்தலாம். ஏரிக்கரையிலும் புல்வெளியிலும் சக்கரம் ஏற்றாமல் இருக்கலாம். வழிகாட்டிக்கும் சமையற்காரருக்கும் குதிரைக்காரருக்கும் பேரம் பேசாமல் உரிய கூலி கொடுக்கலாம். ஓர் ஊரில் இறங்கியதும், இந்த ஆண்டு இங்கே தண்ணீர் பங்கிடுபவர் யார் என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வி பல மணிநேர உரையாடலுக்கு வழிவிடும்.

அரசு செய்ய வேண்டியது அதைவிடத் தெளிவானது. சாங்தாங்கில் சூரியமின் பலகை நடுவதற்கு முன் கோபாக்களோடு உட்கார்ந்து மேய்ச்சல் வரைபடத்தை வரைய வேண்டும். லேயின் நிலத்தடி நீருக்கும் ஒரு சூர்போனை, அதிகாரத்தோடும் ஊராரின் ஒப்புதலோடும் நியமிக்க வேண்டும். ஓடையின் அளவுக்கு விடுதிகளின் எண்ணிக்கையை வரம்பிட வேண்டும். 100 மில்லிமீட்டர் மழையில் பல நூற்றாண்டுகளாக அறுவடை செய்துவரும் மக்களுக்கு அந்த நிலத்தை எப்படி ஆள்வது என்று வெளியிலிருந்து யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் கைவசமுள்ள முறையைச் சட்டம் ஏற்றுக்கொள்வதுதான் மீதமிருக்கும் வேலை.